கண் சிவந்திருந்தால் கஞ்சாவா? அறிகுறிப் பட்டியல்களைப் பற்றி ஒரு விமர்சனம்

"உங்கள் பிள்ளை போதைப்பொருள் பயன்படுத்துகிறாரா? இந்தப் பத்து அறிகுறிகளைக் கவனியுங்கள்." இந்த மாதிரி ஒரு பட்டியல் உங்களுக்கும் வந்திருக்கும். பள்ளி வாட்ஸாப் குழுவில் வரும், பெற்றோர் கூட்டத்தில் துண்டறிக்கையாகக் கொடுப்பார்கள், வார இதழின் நலவாழ்வுப் பக்கத்தில் கட்டம் கட்டி வரும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றேதான்: கண் சிவந்திருக்கும், தனிமையை விரும்புவார், புதிய நண்பர்கள் வருவார்கள், மதிப்பெண் குறையும், எரிச்சல் வரும், பணம் அடிக்கடி கேட்பார், தூங்கும் நேரம் மாறும், உடையிலும் முடியிலும் மாற்றம் தெரியும், அறைக் கதவைப் பூட்டிக்கொள்வார், பொய் சொல்வார்.

கதைக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். அவற்றை நம்பி யாரும் பெரிதாக எதுவும் செய்துவிடுவதில்லை. ஆனால் இந்தப் பட்டியலை நம்பி வீட்டில் பையைச் சோதிக்கிறார்கள், பையனை அடிக்கிறார்கள், பள்ளியிலிருந்து டி.சி. கொடுத்து அனுப்புகிறார்கள். அப்படியிருக்க இதுக்கும் ஒரு விமர்சனம் வேண்டாமா?

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டியல்களை எழுதுபவர்களின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதில் இருக்கிற ஒவ்வொரு வரியும் போதைப் பழக்கத்தில் உண்மையாகவே நடக்கக்கூடியதுதான். பல மாதமாக "நமக்குத்தான் வீண் சந்தேகமோ"ன்னு மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு, "இல்லை, நீ கவனிச்சது சரிதான்" என்கிற தைரியத்தை இந்த மாதிரி ஒரு தாள் கொடுத்திருக்கலாம். அது சின்ன விஷயம் இல்லை.

என் குறை வேறு. பட்டியல் ஒரு சந்தேகத்தை எடுத்து அதைத் தீர்ப்பு மாதிரி ஆக்கிவிடுகிறது. அதைவிட முக்கியமாக, யார் தப்பு செய்கிறார் என்று தேடத்தான் அது கற்றுக்கொடுக்கிறது. யார் ஆபத்தில் இருக்கிறார் என்று பார்க்க அது கற்றுக்கொடுப்பதே இல்லை.

பத்தும் பொருந்தும், பையன் சும்மாதான் இருக்கிறான்

மேலே உள்ள பத்து அறிகுறிகளையும் மறுபடி ஒருமுறை படியுங்கள். போதையை மறந்துவிட்டு, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை ஒருவரை நினைத்துக்கொண்டு படியுங்கள். தூக்கம் மாறுகிறது, கதவு பூட்டப்படுகிறது, நண்பர்கள் மாறுகிறார்கள், எதைக் கேட்டாலும் எரிச்சல். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இருக்கும் வீட்டில் இதில் பாதியாவது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, சாதாரண வளர்பருவத்தை விடுங்கள். மனச்சோர்வு நோய் இருந்தாலும் இதே பட்டியல்தான் பொருந்தும். பள்ளியில் யாராவது கேலியோ மிரட்டலோ செய்துகொண்டிருந்தாலும் இதேதான். தெரிந்தவர் ஒருவர் பாலியல் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தாலும் இதேதான். அந்தப் பிள்ளையிடம் போய் "என்னடா, கஞ்சாவா?"ன்னு கேட்டால் என்ன ஆகும்? சொல்ல வந்ததையும் சொல்லாது.

இதைக் கொஞ்சம் கணக்காகப் பார்க்கலாம். வெறும் உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு பள்ளியில் 1000 மாணவர்கள் என்று வையுங்கள். அதில் 30 பேர் ஏதோ ஒரு போதைப்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். நம் பட்டியல் ரொம்ப நல்ல பட்டியல் என்றும் வைத்துக்கொள்வோம்: பயன்படுத்துபவர்களில் 100-க்கு 80 பேரைக் கண்டுபிடித்துவிடும், பயன்படுத்தாதவர்களில் 100-க்கு 20 பேரை மட்டும்தான் தவறாகக் காட்டும். இப்போது கணக்கைப் போடுங்கள். முப்பதில் 24 பேர் சிக்குவார்கள். மீதி 970 பேரில் 194 பேரும் சிக்குவார்கள். மொத்தம் 218 பேர் மேல் சந்தேகம். அதில் உண்மையாகவே பயன்படுத்துபவர்கள் 24 பேர், அதாவது ஏறக்குறைய ஒன்பதில் ஒருவர்.

ஆக, பட்டியல் கையைக் காட்டும் ஒவ்வொரு ஒன்பது பேரிலும் எட்டுப் பேர் ஒன்றும் செய்யாதவர்கள். தேடுகிற விஷயம் ஒரு கூட்டத்தில் அரிதாக இருக்கும்போது எந்தச் சோதனைக்கும் நடப்பது இதுதான். புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிப் பேசும்போது மருத்துவர்கள் இந்தக் கணக்கைக் கவனமாகப் பார்க்கிறார்கள். துண்டறிக்கை அடிக்கும்போது மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

"அதான் டெஸ்ட் கிட் இருக்கே, சிறுநீரில் பார்த்துட்டா தெரிஞ்சிடுமே" என்பார்கள். அதுவும் அவ்வளவு நேரான விஷயம் இல்லை. கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவருக்கும் அபின் வகைப் பொருள் இருப்பதாகக் காட்டலாம். நம்ம வீட்டுக் குருமாவில் அரைத்துப் போடுகிற கசகசாகூட, அளவு அதிகமானால், அப்படிக் காட்டக்கூடும். கஞ்சாவை நீண்டகாலம் அதிகமாகப் பயன்படுத்தியவர் நிறுத்திச் சில வாரம் ஆன பிறகும் சிறுநீரில் தெரியலாம். இன்னொரு பக்கம், வொயிட்னரையோ பஞ்சர் சொல்யூஷனையோ முகர்கிற பிள்ளையை வழக்கமான கிட் பிடிக்கவே பிடிக்காது. முடிவைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இல்லாமல் அந்தக் கிட்டும் இன்னொரு பட்டியல்தான்.

யாரைத் தேடும் பட்டியல்?

பட்டியலின் மொழியைக் கவனித்தால் அதில் ஒரு ஆள் ஒளிந்திருப்பது தெரியும். ஆண், இளைஞன், மாணவன். தலைமுடிக்குச் சாயம் அடித்திருப்பான், பைக்கில் மூன்று பேராகப் போவான். சென்னையில் "புள்ளிங்கோ"ன்னு ஒரு சொல் போதும், ஒரு முழுப் பகுதியின் பையன்களையும் அதற்குள் அடைத்துவிடலாம். "உடையிலும் முடியிலும் மாற்றம்" என்கிற வரி வசதியான வீட்டுப் பையனுக்கு ஃபேஷன். வடசென்னைப் பையனுக்கு அதுவே காவலர் வண்டியை நிறுத்திப் பையைத் துழாவக் காரணம். ஒரே அறிகுறி, ஆனால் யார் உடம்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறிவிடுகிறது.

இந்த ஆளைத் தேடும்போது விட்டுப்போகிறவர்கள் யார்? மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸின் போதைச் சிகிச்சை மையம் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. 10 முதல் 75 வயதுக்குள் இருப்பவர்களில் 14.6 சதவீதம், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது குடிப்பவர்கள். பாங்கையும் சேர்த்துக் கஞ்சா வகைகள் 2.8 சதவீதம். அபின், ஹெராயின், அந்த வகை மாத்திரைகள் எல்லாம் சேர்த்து 2.1 சதவீதம். ஆக, இந்தியாவில் பிரதான போதைப்பொருள் மதுதான், அதுவும் வளர்ந்த ஆண்களிடம். பிள்ளையின் கண்ணைப் பார் என்று அப்பாவிடம் சொல்கிற பட்டியல், அப்பாவின் கையைப் பார் என்று பிள்ளையிடம் சொல்வதில்லை.

அதே ஆய்வில் பெண்களில் குடிப்பவர்கள் 1.6 சதவீதம், ஆண்களில் 27.3. எண்ணிக்கை குறைவு என்பதால் பெண்ணின் குடி கண்ணுக்கே தெரியாமல் போகிறது. வெளியே தெரிந்தால் வரும் அவமானம் பல மடங்கு என்பதால் மறைப்பதும் பல மடங்கு. அடுத்து வயதானவர்கள். எப்போதோ ஒரு மருத்துவர் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை அதே பழைய சீட்டை நீட்டி வருஷக்கணக்கில் வாங்கிப் போடுகிற தாத்தா பாட்டிகள் இல்லாத தெரு இருக்கா? நடையில் தள்ளாட்டம், அடிக்கடி விழுவது, மறதி, பகலில் மயக்கம். "வயசாச்சுல்ல"ன்னு சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

இளையவர்களில் கவலைப்பட வேண்டிய ஒரு எண் அந்த ஆய்வில் உண்டு. முகர்ந்து போதை ஏற்றும் பொருட்களைப் பயன்படுத்துவோர் பெரியவர்களில் 0.58 சதவீதம், சிறார்களில் 1.7 சதவீதம். பெரியவர்களைவிடச் சிறார்களிடம் அதிகமாக இருந்தது இந்த ஒரு வகைதான். இதுக்கு அடையாளமும் ஓரளவு தெளிவானது: சட்டையிலும் கைக்குட்டையிலும் பெயின்ட், பசை வாசனை, வாயையும் மூக்கையும் சுற்றிப் புண், பையில் காலி வொயிட்னர் குப்பிகள். "மதிப்பெண் குறையும்" என்பதைவிட இது எவ்வளவோ உருப்படியான தகவல். ஆனால் பட்டியல்களில் இது இருந்தாலும் கடைசியில் ஒரு வரியாகத்தான் இருக்கும்.

தள்ளாடாத குடிகாரர்

குடிப்பவரை அடையாளம் காண நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? துண்டறிக்கைக்கு முன்பே சினிமா. 1953-ல் வந்த 'தேவதாஸ்' தந்த பிம்பம் இன்னும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. தாடி வளர்த்துச் சோகமாக உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து "என்னடா தேவதாஸ் மாதிரி"ன்னு, அந்தப் படத்தைப் பார்க்காத தலைமுறைகூடக் கேட்கிறது. பிறகு வந்த நகைச்சுவைக் காட்சிகளில் விக்கல், அவிழும் வேட்டி, சுவரோடு பேசுவது. ஆக நம் மனதில் குடிகாரர் என்றால் இரண்டே பேர்: காதலில் தோற்றவர், தெருவில் விழுந்து கிடப்பவர். இதில் எதிலும் சேராத மனிதர் எவ்வளவு குடித்தாலும் "அளவாத்தான் குடிப்பார்".

உடம்பு இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. தொடர்ந்து குடிக்கக் குடிக்க மூளை மதுவுக்குப் பழகிப்போகிறது. முன்பு ஒரு குவார்ட்டரில் தள்ளாடியவர் இப்போது இரண்டு குவார்ட்டர் போட்டுவிட்டு நேராக நடந்து வந்து, வண்டியைச் சரியாக நிறுத்தி, சாப்பிட்டுத் தூங்கிவிடுவார். வீட்டார் நிம்மதி அடைகிறார்கள்: "அவருக்கு எவ்வளவு குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது." அந்த "ஒண்ணும் ஆகாது"தான் முற்றிவரும் பழக்கத்தின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. போதையைத் தேடினால் இவர் தேர்ச்சி பெற்றுவிடுவார்.

இவரைக் காட்டிக்கொடுப்பது மாலை நேரம் இல்லை, காலை நேரம். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். பல் தேய்க்கும்போது குமட்டுகிறது. காலைச் சாப்பாடு இறங்குவதில்லை. சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. கையெழுத்துப் போடுவதைப் பதினொரு மணிக்கு மேல் தள்ளிப்போடுகிறார். டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு என்பதால் முந்தின இரவே ஒரு பாட்டிலை எங்கேயோ ஒளித்து வைத்துவிடுகிறார். காலையில் அதில் கொஞ்சம் உள்ளே போனதும் கை நடுக்கம் நின்றுவிடுகிறது. வீட்டார் கண்ணுக்கு இப்போது அவர் நார்மல். உண்மையில் குடித்தால்தான் அவர் நார்மலாக இருக்க முடிகிறது.

கவனியுங்கள், இதில் எதுவும் ஒருநாள் பார்த்துச் சொல்லக்கூடியது இல்லை. கூட வாழ்கிறவருக்கு, அதுவும் முன்பு எப்படி இருந்தார் என்று தெரிந்தவருக்கு மட்டும்தான் தெரியும். முன்னே சனிக்கிழமை மட்டும், இப்போ தினமும். முன்னே ஏழு மணிக்கு, இப்போ மூன்று மணிக்கு. முன்னே நண்பர்களோடு, இப்போ தனியாக. "அவருக்கு இது புதுசா? எவ்வளவு நாளா?" என்கிற இரண்டு கேள்விக்கு முன்னால் பத்து அறிகுறிகளும் சின்னதாகிவிடுகின்றன.

மருத்துவ உலகம் இதை எப்பவோ புரிந்துகொண்டது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் யூயிங் 1984-ல் 'கேஜ்' என்ற பெயரில் நான்கே கேள்விகளை வெளியிட்டார். குறைக்கணும்னு எப்போதாவது நினைத்தீர்களா, குடியைப் பற்றி மற்றவர்கள் குறை சொன்னால் எரிச்சல் வந்ததா, குற்ற உணர்ச்சி இருந்ததா, நடுக்கம் போகவோ நரம்பைத் தேற்றவோ காலையில் எழுந்ததும் குடித்தது உண்டா என்பதுதான் அவற்றின் சாரம். இரண்டுக்கு "ஆமாம்" வந்தால் மேலே விசாரிக்க வேண்டும். பிறகு உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆய்வு செய்து 'ஆடிட்' என்று பத்துக் கேள்விகளை உருவாக்கியது. எவ்வளவு, எத்தனை நாள் என்று தொடங்கி, நிறுத்த முடியாமல் போனதுண்டா, குடித்ததால் யாருக்காவது அடிபட்டதா என்று அது போகும்.

இந்த இரண்டிலும் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கண்ணின் நிறமோ முடியின் நிறமோ எதிலும் வருவதில்லை. எல்லாமே அந்த மனிதரிடமே கேட்கும் கேள்விகள். அதாவது இந்தக் கருவி வேலை செய்யணும்னா எதிரே இருப்பவர் நம்மை நம்பி உண்மையைச் சொல்ல வேண்டும். நம் துண்டறிக்கையோ அவருக்குத் தெரியாமல் அவரைக் கண்காணிக்கச் சொல்கிறது. ஒன்றில் அவர் சாட்சி, இன்னொன்றில் அவர் குற்றவாளி.

"போதையில கிடக்கான், விடு"

பட்டியல்களின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதுதான். உயிர் போகிற அறிகுறிகள் அவற்றில் இல்லை.

பேருந்து நிலையத்தில் ஒருவர் குழறிப் பேசிக்கொண்டு தள்ளாடுகிறார், வியர்த்துக் கொட்டுகிறது, கேட்டால் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒதுங்கிப் போவோம். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விட்ட சர்க்கரை நோயாளிக்கும் இதேதான் நடக்கும். பக்கவாதத்தின் தொடக்கமும் இப்படி இருக்கலாம். சர்க்கரை மிகவும் ஏறி அமிலம் சேர்ந்தவரின் மூச்சில் வரும் பழ வாசனையைச் சாராய வாசனை என்று நினைத்துவிடுவதும் உண்டு.

அதைவிட மோசம், குடித்தவருக்கே வேறு ஏதாவது ஆகும்போது. குடித்துவிட்டு விழுந்து தலையில் அடிபட்டவருக்கு உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். வாசனை வருகிறது, அதனால் "போதையில தூங்குறார்". விடிந்தால் எழுந்திருக்க மாட்டார். நாள்பட்ட குடியில் பி1 வைட்டமின் குறைந்து வரும் ஒரு மூளைப் பாதிப்பை 1881-ல் கார்ல் வெர்னிக்கே விவரித்தார்: குழப்பம், நடைத் தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு. உடனே பி1 ஊசி போட்டால் பெரும்பாலும் மீட்கலாம், விட்டால் நினைவாற்றலே நிரந்தரமாகப் போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் அவர் இன்றைக்கும் குடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

குடியை நிறுத்தும்போது வரும் ஆபத்து இன்னும் கொடுமை, ஏனென்றால் அது நல்ல நாளில் வருகிறது. கார்த்திகையில் மாலை போடுகிறார், அல்லது மகள் மேல் சத்தியம் செய்து நிறுத்துகிறார். வீடே சந்தோஷப்படுகிறது. தினமும் அதிகமாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் உடல் நடுங்கி, காய்ச்சல் அடித்து, இல்லாத பூச்சியைச் சுவரில் தட்டுவதும் இல்லாத ஆளோடு பேசுவதும் தொடங்கலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகக்கூடிய நிலை இது. "சாமி வந்திருக்கு", "காத்து கருப்பு அடிச்சிருக்கு", "மறுபடி குடிச்சிட்டு வந்துட்டான்" என்கிற மூன்று விளக்கமும் தயாராக இருக்கும். மூன்றும் மருத்துவமனைக்குப் போகும் நேரத்தைத் தின்றுவிடும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதற்குப் பதில், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடணும்னு எந்தப் பட்டியல் சொல்கிறது?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் குடித்ததும் கொல்வதில்லை. உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை சாதாரணப் போதை மாதிரிதான். பிறகு வயிற்று வலி, வாந்தி, வேகமான மூச்சு, பார்வை மங்கி வெள்ளையாகத் தெரிவது. "நேத்து குடிச்சது ஒத்துக்கல"ன்னு மோரைக் குடித்துப் படுத்துவிடக்கூடிய அறிகுறிகள்தான். குடித்த மறுநாள் "கண்ணு சரியா தெரியல" என்று ஒருவர் சொன்னால் அது ஓடவேண்டிய நேரம். இதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு போனால்தான் பயன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1970-ல் மில்லர்ட் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர், முகர்ந்து போதை ஏற்றிய இளைஞர்கள் 110 பேரின் திடீர் மரணங்களைப் பற்றி எழுதினார். இந்த ஆவிகள் இதயத்தை அட்ரினலினுக்கு மிகவும் கூர்மையாக ஆக்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் பயந்தாலோ ஓடினாலோ இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். பள்ளிக் கழிப்பறையில் சொல்யூஷனோடு பிடிபட்ட பையனைக் கத்தி விரட்டுவது அவனைக் கொல்லக்கூடும் என்பதுதான் இதன் பொருள். அமைதியாகப் பொருளை வாங்கி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வைக்க வேண்டும். திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பட்டியல் முடிந்த இடத்தில்

பத்தும் பொருந்திவிட்டது. அடுத்து என்ன? "உடனே நிபுணரை அணுகவும்"ன்னு ஒரு வரியோடு பட்டியல் முடிந்துவிடும். அந்த வரிக்கும் நிபுணருக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தை வேறு ஆட்கள் நிரப்புகிறார்கள். பேருந்து நிலையச் சுவரைப் பாருங்கள்: "அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுத்துக் குடியை நிறுத்தலாம்." அந்தப் பொடிக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரையாக இருந்தால், அதை எடுத்தவர் குடிக்கும்போது முகம் சிவந்து, படபடப்பு வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் இருப்பவர் இறந்தும் போகலாம். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் கொடுக்க வேண்டிய மருந்து அது. தெரியாமல் கண்டுபிடி என்று சொல்லும் பட்டியலுக்கும் தெரியாமல் கலந்து கொடு என்று சொல்லும் சுவரொட்டிக்கும் நடுவே தூரம் அதிகம் இல்லை.

போலீஸ் பயம் இன்னொரு தடை. பிள்ளையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் வழக்காகிவிடுமோ என்று தயங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு பற்றி அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், அந்தப் பழக்கத்துக்கு அடிமையானவராக இருந்து, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், வழக்குத் தொடர்வதிலிருந்து விலக்குப் பெற வழி இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்குப் போய்விடலாம்.

மேலே சொன்ன 2019 ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த எண் இது: மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையாவது கிடைத்தது. மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை பெற்றவர் 180-ல் ஒருவர். மீதி 37 பேரையும் யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்ன? மனைவிக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும். நம் ஊரில் பற்றாக்குறை அறிகுறிகளுக்கு இல்லை. தெரிந்த பிறகு என்ன பேசுவது, எங்கே போவது என்பதற்குத்தான் பற்றாக்குறை.

நான் ஒரு துண்டறிக்கை எழுதுவதாக இருந்தால் பாதிப் பக்கத்தை ஆபத்து அறிகுறிகளுக்குக் கொடுப்பேன். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உதடு நீலமாகிறது, வலிப்பு, தலையில் அடி, பார்வை மங்கல், குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் குழப்பம். இதில் எது இருந்தாலும் 108. காரணம் போதையா வேறா என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும். நினைவில்லாதவர் வாயில் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றக்கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும்.

மீதிப் பாதியில் எப்படிக் கேட்பது என்று எழுதுவேன். தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து, தனியாக, பார்த்ததை மட்டும் சொல்லிக் கேட்பது. "நீ கஞ்சா அடிக்கிறியா?" என்பதற்குப் பதில் "பத்து நாளா நீ ராத்திரி தூங்கலை, நான் பார்த்துட்டுதான் இருக்கேன். என்னப்பா ஆச்சு?" முதல் கேள்விக்கு "இல்லை" என்ற ஒரே பதில்தான் உண்டு. இரண்டாவதற்கு எந்தப் பதிலும் வரலாம்: போதையாக இருக்கலாம், கடனாக இருக்கலாம், வாத்தியார் அடிப்பதாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் கேட்டவர் கையில் ஏதோ ஒன்று கிடைக்கும்.

அடியில் இரண்டு எண்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416. குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டிலிருப்பவர் பேசலாம். பெரும்பாலும் முதலில் உதவி தேவைப்படுவதும் அவருக்குத்தான்.